பூச்சித்தொட்டிக்கு ஒரு வாளி உறை

அண்ணாச்சி, கால கொஞ்சம் அங்கிட்டு ஒதுக்கிக்கிறீகளா? இந்த வாளிய இங்கன வச்சுக்கிறேன். மேல வைக்கச் சொல்லாதீக, கவுந்துச்சுன்னா என் பொழப்பே கவுந்துரும். சீட்டுக்கு அடியிலயும் தள்ள முடியாது, மூச்சு முட்டிப் போகும். எனக்கில்ல, உள்ள இருக்கிறதுக்கு. சிரிக்காதீக. கோழியுமில்ல, மீனுமில்ல. பாத்தா மண்ணுதான். தேங்கா நாரு, மரத்தூளு, மக்குன உரம், எல்லாம் கலந்த மண்ணு. ஆனா உள்ளுக்குள்ள கோடிக்கணக்குல உசுரு இருக்கு.

மூக்கச் சுளிக்கிறீகளே, நாறுதா? நாறாதே. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான ஏறுனேன். கோயமுத்தூர்ல இருந்து இதக் கொண்டு வாரதுக்குள்ள நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா. மதுரையில இதுக்கு முன்னாடி கெளம்புன வண்டியில, "யோவ், சாக்கடைய அள்ளிட்டா வாரே"ன்னு கண்டக்டர் படியிலயே நிறுத்திட்டான். கையெடுத்துக் கும்புட்டேன் அண்ணாச்சி. எம்மகன் வயசு இருக்கும் அவனுக்கு. கால்ல விழாத குறைதான். விசில ஊதிட்டுப் போயிட்டான். இந்த வண்டிக்காரர் நல்ல மனுசன். ஒரு தடவ மோந்து பாத்தாரு, சரி ஏறுன்னாரு.

நீங்களும் சிவகாசிதானா? அப்ப நம்ம ஊர்க்காரர்தான். எம்பேரு சோலையப்பன். திருத்தங்கல் ரோட்டுல பிளாஸ்டிக் ரோல் அடிக்கிற பிரஸ் ஒண்ணு இருக்குல்ல, அங்கதான் வேல. முறுக்கு பாக்கெட்டு, மிட்டாய் பாக்கெட்டு மேலயெல்லாம் கலர் கலரா மின்னுதுல்ல, அது எங்க பிரஸ்ல அடிக்கிறது. அந்த மையில சால்வென்ட்டுன்னு ஒண்ணு கலப்போம். அது பறந்து போனாத்தான் மை காயும். பறந்தது எங்க போகும்? காத்துக்குத்தான் போகும். புதுசா பெயிண்டு அடிச்ச வீட்டுக்குள்ள போனா மண்டைய இடிக்கும் பாருங்க, அந்த வாட. நித்தமும் அதையேதான் சுத்தி இருக்கிறவுக குடிச்சுக்கிட்டுக் கெடந்தாக.

பிரஸ்ஸுக்குப் பின்னால ஒரு தெரு. அந்தத் தெருச் சனம் வாய்ல விழாத நாள் கெடையாது எனக்கு. மாசமா இருக்கிற பிள்ளைக வாந்தி எடுக்குது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தலவலின்னு சுருண்டு படுக்குதுன்னு ரோட்டுல உக்காந்துட்டாக. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து ஆளு வந்து காத்த அளந்து பாத்துட்டு, இத நீங்க சரி பண்ணலன்னா கரண்ட்டக் கட் பண்ணிருவோம்னு சொல்லிட்டாக. மொதலாளி ஆடிப்போயிட்டாரு. கொளுத்துற மிசினு போடலாமா, கரி போட்டு வடிகட்டலாமான்னு விசாரிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. அப்பத்தான் கோயமுத்தூர்ல இருந்து யமுனா மேடம் வந்தாக. படிச்ச அம்மா. அவுக சொன்னாக, "கொளுத்த வேண்டாங்க. அதைத் தின்ன வெச்சிறலாம்."

எதத் திங்க வைக்கிறதுன்னு நான் வாயப் பொளந்துட்டேன்.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு ரூம் அளவுக்கு சிமெண்டுத் தொட்டி. அதுக்குள்ள நான் சொன்னேம்ல, இந்த மண்ணு, ஆள் ஒசரத்துக்கு. மிசின்ல வர்ற வாட பிடிச்ச காத்த ஊதி, ஈரமாக்கி, தொட்டிக்கு அடியில விடுறது. மண்ணுக்குள்ள இருக்கிற பூச்சிக அந்தச் சால்வென்ட்டத் தின்னுரும். மேல வரும்போது வெறுங்காத்துதான் வரும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மேடம் நுண்ணுயிரிம்பாக. எங்களுக்கு அதெல்லாம் வாயில நுழையாது, பூச்சித்தொட்டின்னே பேரு வச்சுட்டோம்.

எனக்கு மொதல்ல பிடிக்கவே இல்ல. ஏன்னு கேளுங்க. நான் பிரஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி விருதுநகர்ல ஒரு ஆஸ்பத்திரியில கிளீனிங் சூப்பர்வைசர். வாலிபம் பூரா அங்கதான் போச்சு. கிருமியக் கொல்லுறதுதான் வேல. பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும் சொல்வாரு, சோலையப்பன் தொடச்ச தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம்னு. அப்பேர்ப்பட்டவனக் கூப்பிட்டு, கிருமிய வளருன்னு சொன்னா எப்படி இருக்கும்? மேடத்துக்கிட்ட சொன்னேன், இது ஆகாத வேல மேடம்னு. அவுக சிரிச்சாக. "எல்லாக் கிருமியும் கெட்டது இல்லைங்க சோலையப்பன். தயிர்ல இருக்கறதும் கிருமிதானுங்க"ன்னாக. அது எனக்கு நல்லாப் பதிஞ்சுபோச்சு. சரி, கெட்டது இருக்கு, நல்லது இருக்கு. நம்மது நல்லது.

பெறகு அந்தத் தொட்டிய நான் பாத்த பார்வ இருக்கே, பெத்தவ பாக்க மாட்டா. காலையில வந்ததும் மொத வேல, ஓரமா கைய விட்டுப் பாப்பேன். இளஞ்சூடா இருக்கும் அண்ணாச்சி. பால் குடிச்சுட்டுப் படுத்திருக்கிற பிள்ள வயிறு மாதிரி. மேடம் சொல்லிக் குடுத்தது, உசுரோட தின்னுக்கிட்டிருந்தா உள்ள சூடு இருக்கும்னு. ஈரம் கொறஞ்சா தண்ணி தெளிப்பேன். ஒருநாள் மிசின் ஓடலன்னா ஐயோ பிள்ளைக பட்டினியாக் கெடக்குமேன்னு எனக்குச் சோறு எறங்காது. எம்பொண்டாட்டி ராமலட்சுமி சொல்வா, "ஒங்க பிள்ளைக பரிட்ச எழுதுனப்பக்கூட நீங்க இப்படிக் கெடந்து தவிக்கல"ன்னு.

வாட அடியோட போயிருச்சு. தொட்டிகிட்ட போய் நின்னா மழ பேஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசன, அம்புட்டுதான். என்னயப் பாத்தா மண்ண வாரித் தூத்துன பொம்பள ஒருத்தி, வெயில்ல வாரேன்னு மோரு குடுத்தா. வாரியத்துக்காரக வந்து அளந்துட்டு மொதலாளி கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாக. மொதலாளி என் தோள்ல தட்டுனாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஆயுத பூச வரைக்கும்.

அங்கதான் அண்ணாச்சி, எவனோ கண்ணு வச்சான்.

நம்ம ஊர் பூசயப் பத்தி ஒங்களுக்குச் சொல்லணுமா? மத்த ஊர்ல பொரி கடலையோட முடிஞ்சிரும். நமக்கு பிரஸ்ஸ மொத்தமாக் கழுவி, மிசினப் பொண்ணு மாதிரி சிங்காரிச்சு, அடுத்த நாளு வெளக்கேத்தி ஓட்டணும். நான் எல்லாரையும் வேல வாங்குனேன். ஒரு மூல விடல. சொவரு, சன்னலு, கக்கூசு, எல்லாம் பளிச்சுன்னு ஆயிருச்சு. கடைசியில பாத்தா எந்தொட்டி மட்டும் அழுக்காக் கெடக்கு. மேல வழுவழுன்னு ஒரு படலம், ஓரத்துல நாய்க்கொட மொளைச்சிருக்கு. மனசு கேக்கல. வருசம் பூரா நமக்காக நஞ்சத் தின்னது, நல்ல நாளு அதுமா அது மட்டும் குளிக்காமக் கெடக்கணுமா?

மத்தவனத் தொட விடல. நானே செஞ்சேன். நல்ல பினாயிலு, ஆஸ்பத்திரியில வாங்குற அதே கம்பெனி, கேன் கேனாத் தண்ணியில கலந்து, ஹோஸ் பைப்பு வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் எறங்குற மாதிரி குளிப்பாட்டுனேன். ஓரம் பூரா பிளீச்சிங் பவுடரு. மேல இருக்கிற கெட்டதெல்லாம் போகட்டும், உள்ள இருக்கிற நல்லது நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். பாட்டில்லயே எழுதியிருக்கே அண்ணாச்சி, நோய்க்கிருமிய ஒழிக்கும்னு. பெறகு சந்தனம், குங்குமம், கதம்ப மால. மொதலாளி போட்டோ எடுத்தாரு. தொட்டி அன்னைக்கு கோயில் மாதிரி இருந்துச்சு, சத்தியமா.

பூச முடிஞ்சு மிசின ஓட்டுனோம். நாலஞ்சு நாள் போகல, அந்தப் பழைய வாட வந்துருச்சு. மூக்கையே நம்ப முடியல. ஓடிப்போய்க் கைய விட்டுப் பாத்தா ஜில்லுன்னு கெடக்கு. பொணத்தத் தொட்ட மாதிரி. அழுதுட்டேன் அண்ணாச்சி. சொல்றதுக்கு என்ன வெக்கம், மண்ணு மேல உக்காந்து அழுதேன்.

மேடம் அரக்கப்பரக்க வந்தாக. மண்ண அள்ளி மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாக. மொகமே செத்துப்போச்சு. "இது பட்டினில சாகலீங்க. யாரோ விஷத்த ஊத்தியிருக்காங்க"ன்னாக. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, யாராச்சும் ஏதாச்சும் ஊத்துனீங்களான்னு கேட்டாக. யாரு ஒத்துக்குவா? என்னயும் கேட்டாக. பூசைக்குச் சுத்தம் பண்ணுனோம் மேடம், வேற ஒரு துரும்புகூட உள்ள விழலன்னு சொன்னேன். உள்ளதச் சொன்னேன்.

அப்ப ஊத்துனது யாரு? எனக்குத் தெரியும் அண்ணாச்சி. யோசிக்கவே வேண்டியதில்ல.

காளிராஜ். எம்பொண்டாட்டிகூடப் பொறந்த தம்பி. நாந்தான் அவனப் பிரஸ்ல சேத்துவிட்டேன். நான் இல்லாத நேரம் தொட்டியப் பாத்துக்கிறது அவந்தான். பூசைக்கு முந்தி லீவு கேட்டான், குலசைக் கோயிலுக்கு மால போட்டிருக்கேன், தசராவுக்குப் போகணும்னு. தொட்டிய யாருடா பாக்குறது, போகக் கூடாதுன்னுட்டேன். "இந்தத் தொட்டி நாசமாப் போனாத்தான் மாமா எனக்கு விடிவு"ன்னான். நாலு பேரு கேக்க அவன் வாயாலயே சொன்னான். வேற என்ன சாட்சி வேணும்?

கூப்பிட்டு நயமாத்தான் கேட்டேன். "மாப்ள, என்னத்த ஊத்துன, சொல்லிரு, மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்"னேன். அவன் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். பெறகு சொல்றான், "மாமா, நீங்கதான பூசைக்குப் பினாயில ஊத்துனீக. எனக்கென்னமோ அதுதான்னு தோணுது."

வந்துச்சே எனக்கு ஆத்திரம்! செவுள்லயே ஒண்ணு விட்டேன். செய்யிறதையும் செஞ்சுட்டு, சாமிக்குன்னு செஞ்ச காரியத்தப் போயி விஷம்ங்கிறான் பாருங்க. நான் ஊத்துறதுக்கு முன்னாடி கும்புட்டுட்டு ஊத்துனேன். அவன் திருப்பி அடிக்கல. கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு, "சரி மாமா"ன்னான். குத்தம் இல்லாதவன் சரின்னு சொல்வானா? சொல்லுங்க. நேராப் போயி மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கே அவன வெளிய அனுப்பிட்டாக. இப்ப எந்த பிரஸ்லயும் சேக்க மாட்டேங்கிறாகளாம். வெசம் வச்சவன்னு பேராயிப் போச்சுல்ல, நம்ம ஊரு சின்ன ஊரு.

ராமலட்சுமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சேலைய எடுத்து மடிச்சு வச்சா. "எந்தம்பி கோழிக்குஞ்ச மிதிச்சாலே ராத்திரி பூரா அழுகுறவன். அவனா வெசம் வச்சான்? அவன் மேல போட்ட பழிய நீங்க எடுக்கிற அன்னைக்கு நான் வாரேன்"னு சொல்லிட்டு அவன் வீட்டுக்கே போயிட்டா. போன் போட்டா எடுக்க மாட்டா. நான் ஆக்குற சோத்த எங்க வீட்டு நாய்கூட மோந்து பாத்துட்டு விலகிப் போகுது.

இதுல வாரியத்துக்காரக வேற. தெருச் சனம் மறுபடி எழுதிப் போட்டுட்டாக. தீபாவளி கழிச்சு வந்து அளப்பாகளாம். அன்னைக்கு வாட இருந்துச்சுன்னா பிரஸ்ஸப் பூட்டி சீல் வச்சிருவாக. இனி பேச்சே கெடையாதுன்னுட்டாக. நூறு குடும்பத்துக்கு மேல இருக்கு அண்ணாச்சி, அந்த பிரஸ்ஸ நம்பி. மொதலாளி என்னய வையல. வைதாக்கூடத் தாங்கிருவேன். "சோலையப்பா, ஒன்னத்தான்யா நம்பியிருக்கேன்"னு சொல்லிட்டு, மிசினத் தடவிக்கிட்டு நின்னாரு. எனக்கு அங்கயே உசுரு போயிட்டா நல்லதுன்னு இருந்துச்சு.

மேடம்தான் கடைசி வழி ஒண்ணு சொன்னாக. கோயமுத்தூர்ல அவுக போட்டுக் குடுத்த தொட்டி இன்னொண்ணு நல்லா ஓடுதாம். அங்க இருந்து ஒரு வாளி மண்ணு எடுத்துட்டு வந்து, நம்ம தொட்டியில பழசக் கழிச்சுட்டு புது மண்ணு போட்டுக் கலந்தா, பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, மெல்ல மெல்லப் பரவிருமாம். நாள் இருக்கு, இப்பவே கொண்டு போனா தப்பிச்சிரலாம்னாக. அந்தக் கம்பெனிக்காரக ஒரு வாளிக்கு மேல தர மாட்டேன்னுட்டாக, அவுக தொட்டி கெட்டுப்போகும்னு. வேற எங்கயும் கெடைக்காது. இந்த ஒரு வாளிதான் அண்ணாச்சி எல்லாமே. இது போச்சுன்னா பிரஸ் போச்சு, நான் போனேன்.

புத்தி படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாக மேடம். "மூடி போட்டு அடைக்காதீங்க. வெயில்ல வெக்காதீங்க. காஞ்சா தண்ணி மட்டும் தெளிங்க"ன்னாக. அப்படியே செஞ்சேன். கோயமுத்தூர்ல வண்டி ஏறும்போது கைய வச்சுப் பாத்தேன், அதே இளஞ்சூடு. என் கண்ணு கலங்கிருச்சு. மதுர வரைக்கும் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். திண்டுக்கல்ல எல்லாரும் எறங்கி டீ குடிச்சாக. நான் எறங்கல.

நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. தொட்டிக்கு உசுரு திரும்பி, வாரியத்துக்காரகளும் வந்துட்டுப் போகட்டும். மொதலாளி கையக் கால பிடிச்சாவது காளிராஜ மறுபடி வேலைக்குச் சேத்துவிட்டுருவேன். சின்னப்பய, ஆத்திரத்துல செஞ்சுட்டான். நான் மன்னிச்சுட்டேன்னு ராமலட்சுமிகிட்ட சொன்னா அவ வந்துருவா. மன்னிக்கிறதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது.

இருங்க, போன் அடிக்குது. மேடம்தான். எங்க வந்துட்டிருக்கேன்னு கேப்பாக.

"வணக்கம் மேடம். ஆமா மேடம், விருதுநகரு வரப்போகுது... ஈரமா இருக்கு மேடம். மூடி தெறந்துதான் இருக்கு. கால்கிட்டயே வச்சுக்கிட்டுத்தான் வாரேன்... இல்ல மேடம், வேற ஒண்ணும் ஊத்தல. தண்ணி மட்டும்தான். மதுரையில வாட அடிக்குதுன்னு பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டாக, அதுக்காக மேலாப்புல கொஞ்சூண்டு பினாயிலு... பினாயிலு மேடம். பி-னா-யி-லு. கேக்குதா?... அலோ... இல்ல மேடம், கொஞ்சம்தான், அரப் பாட்டிலு, நல்லாக் கெளறிவிட்டுட்டேன்... எப்ப, பூசைக்கா? ஆமா மேடம், அப்பவும் இதேதான். அப்ப கேன் கேனா. நானேதான் மேடம், என் கையாலதான்... அலோ? மேடம்? அலோ?"

வச்சுட்டாக.

"ஐயோ சோலையப்பன்"னாக. அம்புட்டுத்தான். எதுக்கு ஐயோங்கணும்? கொண்டு வந்துட்டேனே. இன்னும் கொஞ்ச தூரந்தான இருக்கு.

நீங்க எதுக்கு என்னய அப்படிப் பாக்குறீக? பினாயில் என்ன பண்ணும்? அது மருந்துல்ல. ஆஸ்பத்திரியில பொறந்த பிள்ளையப் போடுற தொட்டிலக்கூட அதுலதான் தொடப்போம். கெட்டதத்தான கொல்லும் அது? இது நல்லதாச்சே. மேடமே சொன்னாகளே நல்லதுன்னு. அதுக்குத் தெரியாதா, எது நல்லது எது கெட்டதுன்னு?

காளிராஜும் இந்தப் பினாயிலத்தான் சொன்னான். நின்னு, என் மொகத்தப் பாத்து...

இல்ல. இல்ல அண்ணாச்சி, அவன் தப்பிக்கிறதுக்குச் சொன்னான்.

இருங்க, கைய விட்டுப் பாத்துருவோம். தெரிஞ்சு போகும். கோயமுத்தூர்ல நல்ல சூடா இருந்துச்சு, நாந்தான் பாத்தேனே. இன்னும் கொஞ்சம் ஆழத்துல... அடியில இருக்கும். சன்னலோரம் வச்சதுல காத்து பட்டிருக்கும், அதான். இன்னும் அடியில...

என் கை குளுந்து கெடக்கு அண்ணாச்சி, அதான் எனக்குத் தெரிய மாட்டேங்குது. உங்க கையக் குடுங்க. அழுக்கு இல்ல, ஒண்ணும் ஆகாது, சும்மா விடுங்க. இங்கன, நடுவுல. நல்லா அமுக்கி வச்சுப் பாருங்க. சூடு இருக்குல்ல? கொஞ்சமாச்சும் இருக்குல்ல? வாயத் தெறந்து சொல்லுங்க அண்ணாச்சி.